விலாசம் என்னும் சொத்து

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், தன் பெயரையே தாங்கிய ஆறு மலாக்கா நீரிணையோடு கலக்கும் முகத்துவாரத்தில் அமைந்திருக்கும் மூவார் நகரத்தைப் பற்றி எழுதப் புகுகின்ற எவரும், அதனை எந்தப் பெயரால் அழைப்பது என்ற சிறு தயக்கத்தைக் கடந்துதான் மேலே செல்லவேண்டியிருக்கிறது. பேச்சு வழக்கில் அது மூவார். 1884ஆம் ஆண்டில் மகாராஜா அபூபக்கர் அந்நகரை முறைப்படி நிறுவித் தம் மகாராணியைச் சிறப்பிக்கச் சூட்டிய நாமம் பண்டார் மகாராணி. கடைத்தெருவில் தொகையாலும் தொழிலாலும் முன்னிற்கும் சீனர்களுக்கோ அது மாபோ. 2012ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் நாள் அரச நகரம் என்ற பட்டமும் அதனோடு சேர்ந்துகொண்டது. தமிழ் இலக்கணம் பயின்ற காதுக்கு இவற்றையெல்லாம் தாண்டி இன்னொன்றும் கேட்கும்: மூப்படையாதவர் என்பதைப் பழந்தமிழ் ‘மூவார்’ என்றுதான் சொல்லும். மலாய்ப் பெயருக்கும் இந்தப் பொருளுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை; ஆயினும் கடிதத்தின் தலைப்பில் ஊர்ப் பெயரை எழுதும்போது ஒரு கணம் புன்னகை செய்யாத தமிழாசிரியர் அவ்வூரில் இருந்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

ஓர் ஊருக்கு மூன்று பெயர் இருப்பதால் தீங்கில்லை. ஊர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. எந்தப் பெயரைச் சொல்லி வண்டியேறினாலும் அதே ஆற்றங்கரையில்தான் இறங்குகிறோம். வியாபாரியின் நிலை அப்படிப்பட்டதன்று. அவனுடைய பெயரே அவனிடத்திற்கு வழி. பெயர் பிசகினால் வாடிக்கையாளர் வேறு வாசலில் போய் நிற்பார். இன்றைக்குச் சிறு வியாபாரி ஒருவர் தெருவில் ஒரே ஒரு பெயர்ப்பலகையும் இணையத்தில் நாலைந்து டொமைன் பெயர்களும் வைத்துக்கொண்டு, அவற்றுள் எது யார் கணக்கில் பதிவாகியிருக்கிறது, எது எந்தத் தேதியில் காலாவதியாகிறது, எதைப் புதுப்பிப்பது, எதைக் கைவிடுவது என்று தெரியாமல் திண்டாடுவதைக் காண்கிறோம். இதனை நேற்று முளைத்த சங்கடமென்று கருதுவோர் உண்டு. மூவாரின் பழைய கடைத்தெருவை, அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய நாட்டுக்கோட்டை நகரத்தாரின் தொழில்முறையோடு சேர்த்து நினைத்துப் பார்த்தால், இது மிகப் பழைய சங்கடம் என்பதும், அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘விலாசம்’ என்பதும் விளங்கும்.

விலாசம் என்பது விசித்திரமான சொல். வடமொழியில் அதற்கு விளையாட்டு, ஒயில், ஒளி முதலான பொருள்கள்; தமிழில் சென்ற நூற்றாண்டுக்கு முந்தைய நூற்றாண்டில் ‘டம்பாச்சாரி விலாசம்’ போன்ற நாடகங்களின் தலைப்பில் அது அமர்ந்திருந்தது; தபாற்காரருக்கோ அது வீட்டின் எண்ணும் தெருவும் ஊரும். நகரத்தாரிடத்தில் மட்டும் அது வியாபார ஸ்தாபனத்தின் பெயரைக் குறித்தது. பெயர் வேறு, இருப்பிடம் வேறு என்று உலகம் பிரித்து வைத்திருந்த இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய அந்த வழக்கத்தை நான் பலகாலம் ஓர் அசட்டை என்றே எண்ணியிருந்தேன். இணையம் வந்து, பெயரும் இருப்பிடமும் ஒன்றேயான ஒரு பொருளைக் கையில் கொடுத்த பின்னரே அந்தச் சொல்லின் நுட்பம் எனக்குப் புலப்பட்டது.

மூவார் எப்படி நகரத்தாராகிய செட்டியார்களின் ஊராயிற்று என்பதை முதலில் சொல்லவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜொகூரின் ஆற்றோரங்களில் மிளகும் காசுக்கட்டியும் பயிராயின; அந்தந்த ஆற்றுக்கு அனுமதிச்சீட்டுப் பெற்ற சீனத் தலைவர்களே அவற்றை நடத்தினர். இருபதாம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் ரப்பர் வந்தது. பெருந்தோட்டங்களை ஐரோப்பியக் கம்பெனிகள் ஆக்கிரமித்துக்கொண்ட பிற மாவட்டங்களைப் போலன்றி, மூவார்ப் பகுதியில் நாலு ஏக்கரும் பத்து ஏக்கருமாக வைத்திருந்த மலாய், சாவக, சீனச் சிறுதோட்டக்காரர்கள் மிகுதியாக இருந்தார்கள். கன்று நட்டுப் பால் வடிக்க ஆறேழு வருஷம் காத்திருக்கவேண்டிய அத்தகைய மனிதருக்கு ஐரோப்பிய வங்கியின் கதவு திறவாது; செட்டியாரின் பெட்டி திறக்கும். ஆற்று முகத்தில் துறைமுகமும், 1890இல் தொடங்கி 1929 வரை ஓடிய ஒரு சிறு ரயில்பாதையும், சுங்கச்சாவடியும், நிலப்பதிவு அலுவலகமும் ஒருங்கே இருந்த ஊரில் கொடுக்கல் வாங்கல் தழைத்ததில் வியப்பில்லை. சிங்கப்பூரில் 1859இல் தண்டாயுதபாணிக்குக் கோயில் எடுத்த நகரத்தார், போன இடமெல்லாம் செய்ததுபோலவே மூவாரிலும் அந்தத் தெய்வத்துக்கு ஓர் ஆலயம் எழுப்பினர். கோயில் இருந்த இடத்தில் வட்டி விகிதம் நிர்ணயமாகும். வழக்கு பேசித் தீரும். புதிதாகக் கப்பலிறங்கியவன் எந்த விலாசத்தைச் சேர்ந்தவன் என்பதும் அங்கேயே தெரிந்துபோகும்.

விலாசம் அமையும் விதம் எளியது. பாட்டனார் பெயரின் முதலெழுத்து, தகப்பனார் பெயரின் முதலெழுத்து, தன் பெயரின் முதலெழுத்து என்று இரண்டோ மூன்றோ நாலோ எழுத்துகளை அடுக்கிப் புள்ளி வைத்தால் அது விலாசம். பழனியப்பர்களும் முத்தையாக்களும் ராமநாதர்களும் மீண்டும் மீண்டும் பிறக்கின்ற ஒரு சமூகத்தில், பேரனுக்குப் பாட்டன் பெயரே இடப்படுகின்ற ஒரு குடும்ப முறையில், பெயரை மட்டும் சொல்லி ஒருவரை அடையாளம் காட்டுவது இயலாத காரியம். ஆகையால் பெயருக்கு முன்னே நிற்கும் எழுத்துகளே ஆளைக் காட்டின. அண்ணன் தம்பிகள் பாகம் பிரிந்தால் விலாசமும் பிரிந்தது: ஒருவர் தம் எழுத்தைச் சேர்த்துக்கொள்வார், மற்றொருவர் வரிசையை மாற்றிக்கொள்வார். கூட்டு வியாபாரம் தொடங்கினால் இரு வீட்டாரின் எழுத்துகளும் கலந்த புதிய விலாசம் தோன்றும். ஒரே முதலாளிக்கு மூவாரில் ஒன்று, மலாக்காவில் ஒன்று, இரங்கூனில் ஒன்று என்று வெவ்வேறு பங்காளிகளோடு வெவ்வேறு விலாசங்கள் இருப்பதுண்டு. காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ உட்கார்ந்துகொண்டு அத்தனையையும் நிர்வகிப்பது அவர் பொறுப்பு.

இந்த எழுத்துகளின் உண்மையான உபயோகம் கிட்டங்கியில் தெரியும். சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் 1970களில் இடித்துத் தள்ளப்படும்வரை இருந்த கிட்டங்கிகளை நேரில் கண்டவர்கள் சொல்வது இது: நீண்ட கூடம், இருபுறமும் வரிசையாகத் தாழ்ந்த மேசைகள், மேசைக்கொரு இரும்புப்பெட்டி, பெட்டிக்கொரு ஸ்தாபனம். கட்டடம் ஒன்று, வாசல் ஒன்று, தெரு எண் ஒன்று. உள்ளே பத்தோ இருபதோ வியாபாரம். தபாற்காரர் கொண்டுவந்து போடும் கடிதக் கட்டு யாருக்கு யாருக்கென்று பிரிவது விலாசத்தைக் கொண்டுதான். இக்காலத்து இணையதளங்களில் பெரும்பாலானவை இதே கிட்டங்கி முறையில்தான் குடியிருக்கின்றன என்பதைப் பலர் அறியார். நூற்றுக்கணக்கான தளங்கள் ஒரே கணினியில், ஒரே எண்ணின் கீழ் வசிக்கின்றன. உலாவி அந்த எண்ணைத் தேடிப் போய்க் கதவைத் தட்டும்போது, இன்ன பெயருடையவரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று பெயரையும் கூறவேண்டும் என்ற விதி 1997ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு நெறிமுறையால் நிலைபெற்றது. அதற்கு முன்னர் தளத்துக்கொரு தனி எண் வேண்டியிருந்தது. அதாவது செட்டியாருக்கொரு கட்டடம் வேண்டியிருந்தாற்போல.

விலாசத்தைப் படைப்பது சுலபம். அதை வைத்துக்கொள்வதுதான் கடினம். முதலாளி ஊரில் இருப்பார். மலாயாவில் தொழிலை நடத்துபவர் மேலாள். அவருக்கு உதவி அடுத்தாள். வட்டி வாங்கிவரவும் தண்ணீர் மொண்டு வைக்கவும் பெட்டியடிப் பையன். மேலாளுடைய தவணை பெரும்பாலும் மூன்று வருஷம். அந்த மூன்று வருஷத்துக்குக் கடன் கொடுக்கவும், பத்திரம் எழுதவும், நீதிமன்றத்தில் வழக்காடவும், ஜப்தி நடத்தவும் அவருக்கு அதிகாரப்பத்திரம் எழுதிக் கொடுக்கப்படும். தவணை முடிந்து புதிய மேலாள் கப்பலேறும்போது அந்தப் பத்திரம் ரத்தாகி மற்றொன்று பிறக்கும். கையெழுத்து யாருடையதாயினும் அதற்கு மேலே நிற்பது முதலாளியின் விலாசம். இந்த ஏற்பாட்டின் உயிர்நிலை, உரிமை ஒருவரிடத்தும் கைச்சாவி மற்றொருவரிடத்தும் இருப்பதும், அவ்விரண்டும் ஒன்றல்ல என்பது ஏட்டில் தெளிவாக எழுதப்பட்டிருப்பதும் ஆகும்.

அவ்வாறு தெளிவாக எழுதாமல் விட்டால் என்னவாகும் என்பதற்கு மலாயாவிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற ஒரு வழக்கு சாட்சியாக இருக்கிறது. 1930களில் ரப்பர் விலை சரிந்து, உற்பத்திக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டபோது, நூறு ஏக்கருக்கு மேற்பட்ட உடைமைக்கு ஒரு விதி, அதற்குக் குறைந்ததற்கு வேறொரு விதி என்றிருந்தது. தொண்ணூற்றொன்பது ஏக்கர் வைத்திருந்த ஒரு தகப்பனார், மேலும் நாற்பது ஏக்கர் கைக்கு வந்தவுடன், நூறைத் தாண்டாமல் இருக்கும்பொருட்டு அந்த நாற்பதைத் தம் மகன் பெயருக்கு மாற்றினார். நிலம் தம்முடையதே, பெயர் மட்டுமே மகனுடையது என்பது அவருடைய எண்ணம். பின்னாளில் அவர் அதனைத் திரும்பக் கேட்டபோது மகன் கொடுக்க மறுத்தார். டென்னிங் பிரபு எழுதிய தீர்ப்பு தகப்பனாருக்குப் பாதகமாயிற்று. பெயரளவில்தான் மாற்றினேன் என்று நிரூபிக்கவேண்டுமானால் அதிகாரிகளை ஏமாற்றினேன் என்பதையும் கூடவே ஒப்புக்கொள்ளவேண்டியிருந்ததால், நீதிமன்றம் அவருக்குக் கை கொடுக்கவில்லை. 1962ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் இடம்பெற்றுள்ள இந்த வழக்கை இன்றும் உலகெங்கும் சட்ட மாணவர்கள் படிக்கிறார்கள். எந்தத் தலைப்பில் தெரியுமா? ‘செட்டியார் எதிர் செட்டியார்’. தகப்பனுக்கும் மகனுக்கும் வெவ்வேறு எழுத்துகளோடு கூடிய விலாசங்கள் இருந்தன. ஆங்கிலத் தொகுப்பாளர் அவற்றைத் தேவையற்ற பாரமென்று கழித்துவிட்டார். கழித்தவுடன் வாதி யார், பிரதிவாதி யார் என்று அறியமுடியாத ஒரு தலைப்பு மிஞ்சிற்று. விலாசத்தின் அவசியத்துக்கு இதைவிட நல்ல நிரூபணம் எனக்குத் தெரியாது.

கிட்டங்கியிலிருந்து கணினிக்கு நேரே தாவிவிடக் கூடாது. இடையில் தந்தி நிற்கிறது. தந்திக்குச் சொல்லெண்ணிக் காசு. பிரிட்டனில் 1885ஆம் ஆண்டு கட்டணத்தைக் குறைத்தபோது, அதுவரை இலவசமாகச் சென்ற முகவரிச் சொற்களுக்கும் காசு வாங்கத் தொடங்கினார்கள். அது முதற்கொண்டு வியாபாரிகள் தங்கள் நீண்ட முகவரியை ஒற்றைச் சொல்லாகச் சுருக்கித் தபால் இலாகாவில் பதிவுசெய்து, அதற்கென்று கட்டணமும் செலுத்தி வந்தார்கள். அந்த வழக்கம் சாம்ராஜ்யம் முழுவதும் பரவியது. பழைய கடிதத்தாள்களின் மேல் மூலையில் தொலைபேசி எண்ணுக்கு அருகே ‘தந்தி விலாசம்’ என்று அச்சிட்டு ஒற்றைச் சொல் ஒன்று நிற்பதை நம் முந்தைய தலைமுறையார் அனைவரும் கண்டிருக்கிறார்கள். ஓர் ஊரில் ஒரு சொல் ஒருவருக்குத்தான், முந்தியவருக்கே பாத்தியதை, கட்டணத்தை நிறுத்தினால் சொல் கைவிட்டுப் போகும். பெயர் ஒன்று வாடகைப் பொருளாக மாறியது இங்கேதான். செட்டியாரின் விலாசம் குடும்பச் சொத்து, அதற்கு வருஷக் குத்தகை கிடையாது. தந்தி விலாசமோ சர்க்காரிடம் குத்தகைக்கு எடுத்த சொல். இந்தியாவில் தந்திச் சேவை 2013ஆம் ஆண்டு ஜூலை மாதம் முடிவடைந்தது. அதற்குள் அந்தக் குத்தகை முறை வேறொரு கம்பிக்குக் குடிபெயர்ந்து பல வருஷமாகியிருந்தது.

கணினி வலையமைப்பின் ஆரம்ப காலத்தில் உலகத்திலிருந்த கணினிப் பெயர்கள் அனைத்தும் ஒரே ஏட்டில் அடங்கின. கலிபோர்னியாவில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எலிசபெத் ஃபைன்லர் என்ற அம்மையாரின் அலுவலகம் அந்த ஏட்டைப் பராமரித்தது. புதிய பெயர் வேண்டுவோர் அவர்களுக்கு எழுதி, அலுவலக நேரத்தில் அதைச் சேர்த்துக்கொள்ளவேண்டும். பெயர்கள் பெருகவே ஏடு தாங்கவில்லை. 1983இல் பால் மொகபெட்ரிஸ் என்பவர், பெயரைப் புள்ளிகளால் பகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒவ்வொருவரைப் பொறுப்பாளியாக்கும் முறையை வகுத்தார். புள்ளி வைத்துப் பிரித்த எழுத்துத் தொடர், அதில் வலப்புறம் நிற்பது குலம், இடப்புறம் நிற்பது ஆள் என்னும் அந்த அமைப்பைப் பார்த்தால் அவருக்குத் தேவகோட்டையில் உறவினர் எவரேனும் இருந்தார்களோ என்று கேலியாகக் கேட்கத் தோன்றுகிறது. ‘.காம்’ என்னும் குலத்தில் முதல் பெயர் 1985ஆம் ஆண்டு மார்ச்சு 15ஆம் நாள் பதிவாயிற்று. 1995 செப்டம்பர் வரையில் பதிவுக்குக் காசில்லை. அதன்பின் இரண்டு வருஷத்துக்கு நூறு டாலர் என்று விதித்தார்கள். 1998இல் நிர்வாகம் ஐகான் என்னும் அமைப்பிடம் சென்றது.

மலேசியாவுக்குரிய எம், ஒய் என்ற இரண்டு எழுத்துகள் 1987ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் வழங்கப்பெற்றன. அந்நாட்டின் நுண்மின்னணு ஆராய்ச்சி நிலையமாக 1985இல் தோன்றிய மிமோஸின் நிழலில் வளர்ந்த பதிவேடு இப்போது மைநிக் என்ற பெயரில் தனி ஸ்தாபனமாக இயங்குகிறது. முதலில் வணிகர்களுக்கு ‘.காம்.எம்ஒய்’ மட்டுமே, மலேசியாவில் முறையாகப் பதிவுபெற்ற வணிகத்துக்குத்தான் அது கிடைத்தது. இடையில் எதுவுமில்லாமல் நேரே ‘.எம்ஒய்’ என்று முடியும் பெயர்கள் 2008ஆம் ஆண்டு முதல் கிடைக்கலாயின. அன்றுதொட்டு ஒவ்வொரு கடைக்காரரும் ஒரே பெயருக்கு இரண்டு முறை குத்தகை கட்டவேண்டியவரானார்.

இங்கே மறுபடியும் மூவாருக்குத் திரும்புவோம். செட்டியார்கள் எந்த ரப்பர் மரத்தை நம்பிக் கடன் கொடுத்தார்களோ அந்த மரமே, பால் வற்றி வெட்டியபின் விறகாகிக்கொண்டிருந்த நிலை மாறி, 1980களுக்குப் பிறகு மேசை நாற்காலிகளாக ஏற்றுமதியாகத் தொடங்கிற்று. மலேசியாவின் மரத்தளவாடத் தொழிலுக்கு மூவாரே இன்று தலைநகரம். பக்ரி, புக்கிட் பாசிர் பக்கமாகச் சென்றால் மரத்தூள் மணக்காத காற்று கிடைப்பது அரிது. பெருந்தொழிற்சாலைகளுக்கு இடையே பத்துப் பதினைந்து ஆட்களோடு நடக்கும் சிறு பட்டறைகளும் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் முதலாளி தமிழர், தம் தாயாரின் பெயரால் லெட்சுமி தளவாடம் என்று பலகை மாட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தமிழில் அந்தப் பெயருக்கு எழுத்து வழக்குகள் ஒரு சிலவே. உரோமன் எழுத்தில் எழுதப்புகுந்தால் அது கடலில் இறங்குவது போல. இந்தியாவில் ‘கே.எஸ்.எச்.’ அல்லது ‘எக்ஸ்’ போடுவார்கள். மலாயாவில் பிறப்புப் பத்திரம் எழுதிய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி ‘டி.சி.எச்.’ போட்டுவிட்டார்கள், கடைசி எழுத்து ‘ஐ’யா, ‘ஒய்’யா என்பதில் ஒரே வீட்டு அக்கா தங்கைகளுக்கே வேற்றுமை உண்டு. பின்னால் வரும் ‘தளவாடம்’ என்பதை மலாயில் பெராபோட் என்பதா, ஆங்கிலத்தில் ஃபர்னிச்சர் என்பதா? முடிவில் வருவது ‘.காம்’ என்பதா, ‘.காம்.எம்ஒய்’ என்பதா, ‘.எம்ஒய்’ என்பதா? வாய்ப்பாட்டைப் பெருக்கிப் பார்த்தால், ஒரு பட்டறைக்கு இருபது பெயருக்கு மேல் நிற்கிறது. இருபதையும் வாங்கிக் காப்பது மௌடிகம் என்பது என் அபிப்பிராயம். பலகையில் உள்ள எழுத்துக்கூட்டல் ஒன்று, மக்கள் தவறாமல் பிழைபட எழுதும் கூட்டல் ஒன்று, உள்ளூர் முடிபு ஒன்று, வெளிநாட்டு வாங்குபவர்க்கு ‘.காம்’ ஒன்று, நாலோடு நிறுத்துவது விவேகம்.

பெயரையே வைத்துக்கொள்ளாமல் எண்ணை வைத்துக்கொண்டு பிழைத்தவர்களும் அவ்வூரில் இருக்கிறார்கள். மூவாரின் புகழ்பெற்ற காப்பித்தூளின் பெயர் 434. எண்ணுக்கு எழுத்துக்கூட்டல் தகராறு கிடையாது. மலாய்க்காரர், சீனர், தமிழர் மூவரும் அவரவர் மொழியில் படித்துக்கொள்ளலாம். எண்களை நினைவில் வைக்க முடியாதென்றுதான் இணையத்தார் பெயர்களைக் கண்டுபிடித்தார்கள். மூவார்க்காரர் ஒருவர் அதற்கு நேரெதிரான யோசனையால் மூன்று இலக்கத்தை ஒரு தேசத்தின் நாவில் ஏற்றிவிட்டார்.

வாங்கிய நாலு பெயர்களையும் என்ன செய்வது? இதற்கும் பழைய முறையே வழிகாட்டுகிறது. பாகம் பிரிந்து புதிய விலாசம் பிறந்த பின்னரும், பழைய விலாசத்துக்கு எழுதிக் கொடுத்த கடன்பத்திரங்கள் உயிரோடிருக்கும். அதன் பெயரில் வரும் கடிதமும் காசும் உரிய இடத்துக்கு வந்து சேரவேண்டும். ஆகவே பழைய எழுத்துகளை உடனே துடைத்தெறிவதில்லை. இணையத்தில் ஒரு பெயரைத் தலைமைப் பெயராக்கி, மற்றவற்றின் வாசலில் ‘நிரந்தரமாக இடம் மாறிவிட்டோம், இன்ன இடத்துக்கு வருக’ என்று எழுதி வைப்பது வழக்கம். அந்த அறிவிப்புக்கு 301 என்று ஓர் எண் இருக்கிறது. தேடுபொறிகளும் அந்த எண்ணைப் படித்துப் பழைய பெயரின் மதிப்பைப் புதியதற்கு ஏற்றிக்கொள்கின்றன. இதைச் செய்யாமல் நாலு பெயரிலும் ஒரே சரக்கை நாலு தடவை விரித்து வைப்பவர், நாலு கடை திறந்து நாலிலும் பாதி வியாபாரம் செய்பவரைப் போன்றவர்.

தவணை தவறுவது பற்றிச் சிறு வியாபாரிகள் வெட்கப்படவேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில், உலகத்திலேயே பெரிய கணினிக் கம்பெனிகளுள் ஒன்றான மைக்ரோசாஃப்ட், தன் ஹாட்மெயில் சேவை நம்பியிருந்த ஒரு டொமைன் பெயரைப் புதுப்பிக்க மறந்துவிட்டது. அஞ்சல் திறக்காமல் மக்கள் தவித்தார்கள். அக்கம்பெனியோடு சம்பந்தமேயில்லாத மைக்கேல் சேனி என்ற நிரலர் காரணத்தைக் கண்டுபிடித்துத் தம் சொந்தக் காசில் 35 டாலர் கட்டிவிட்டார். ‘.காம்’ பெயருக்குத் தவணை தாண்டிய பின்னும் பதிவாளர் அதிகபட்சம் 45 நாள் சலுகை தரலாம். அது கழிந்து நீக்கியபின் முப்பது நாள் மீட்புக் காலம், அப்போது மீட்கப் பன்மடங்கு அபராதம். கடைசியில் ஐந்து நாள் கழித்துப் பெயர் சந்தைக்கு வந்துவிடும். விழும் பெயரைப் பிடிக்க இயந்திரங்கள் வாயைப் பிளந்து காத்திருக்கின்றன. பிறர் பெயரைத் தீய எண்ணத்தோடு பிடித்துக்கொண்டவரிடமிருந்து மீட்க ‘.காம்’ பெயர்களுக்கு 1999 முதல் ஒரு நடுவர் முறை உண்டு. மலேசியப் பெயர்களுக்குக் கோலாலம்பூரில் உள்ள ஆசிய அனைத்துலக நடுவர் மையம் அதைச் செய்கிறது. ஆனால் நம் சோம்பலால் நழுவிய பெயருக்கு நடுவர் மன்றம் மருந்தன்று. மத்தியஸ்தக் கட்டணத்தில் அந்தப் பெயரைப் பல பத்தாண்டுகளுக்குப் புதுப்பித்திருக்கலாம்.

தவணையைவிடப் பெரிய ஆபத்து, ‘செட்டியார் எதிர் செட்டியார்’ வகையைச் சேர்ந்தது. சிறு பட்டறைக்காரருக்குத் தளம் அமைத்துக் கொடுக்கும் இளைஞர், சுலபத்தைக் கருதித் தம் சொந்தக் கணக்கில், தம் மின்னஞ்சலில், தம் பெயரிலேயே டொமைனைப் பதிந்துவிடுகிறார். அவர் கெட்டவராக இருக்கவேண்டிய அவசியமில்லை. கலியாணமாகிக் கோலாலம்பூருக்கோ ஜொகூர் பாருவுக்கோ போய்விட்டாலே போதும். மூன்று வருஷம் கழித்துப் புதுப்பிக்கும் அறிவிப்பு அவருடைய பழைய அஞ்சற்பெட்டியில் திறவாமல் கிடக்கும். இதில் இன்னொரு சிக்கல்: உரிமையாளர் தம் தொடர்பு மின்னஞ்சலை அதே டொமைனில் வைத்திருப்பார், டொமைன் நின்றால் மின்னஞ்சலும் நிற்கும், அதை மீட்பதற்கான கடிதம் அந்த நின்றுபோன பெட்டிக்கே வரும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியதுபோல. மேலாளுக்கு அதிகாரப்பத்திரம் கொடுத்து, விலாசத்தை மட்டும் தம்மிடமே வைத்துக்கொண்ட அந்தப் பழைய மனிதர்கள் இத்தவற்றைச் செய்திருக்கமாட்டார்கள். பதிவுக்கணக்கு முதலாளி பெயரில், நிர்வாக அனுமதி மட்டும் தொழில்நுட்பர் பெயரில் என்று பிரித்துக்கொடுக்கும் வசதி பல பதிவாளர்களிடம் இருக்கத்தான் இருக்கிறது.

கடைசியாக ஒன்று, தமிழ் எழுத்து. லெட்சுமி என்பதைத் தமிழிலேயே பதிந்துவிட்டால் மேற்சொன்ன கூட்டல் தகராறுகள் ஒழியுமல்லவா? தமிழ் இணையத்தில் ஏறிய வரலாறு மூவாருக்கு அதிக தூரத்தில் நிகழ்ந்ததன்று. 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழியிலும் தாங்கிய ஓர் இணையதளம் அந்நாட்டு அதிபரால் தொடங்கி வைக்கப்பெற்றது. அதில் தமிழ் எழுத்துகளை ஏற்றியவர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. அவரோடு உழைத்த டான் டின் வீயின் குழுவினரே, 1998ஆம் ஆண்டளவில், உரோமன் அல்லாத எழுத்துகளில் டொமைன் பெயர் அமைத்து இயக்கிக் காட்டியவர்கள். 2003இல் அதற்கொரு பொதுநெறி ஏற்பட்டது. தமிழ்ப் பெயர் உள்ளுக்குள்ளே ‘எக்ஸ்’, ‘என்’, இரண்டு கோடு என்று தொடங்கும் உரோமன் எழுத்துக் குவியலாக மாற்றப்பட்டுப் பயணம் செய்யும். திரையில் மட்டும் தமிழாகத் தோன்றும். 2007ஆம் ஆண்டு அக்டோபரில் ஐகான் பல மொழிகளில் பதினொரு சோதனைப் பெயர்களைத் திறந்தபோது தமிழுக்குக் கிடைத்தது ‘உதாரணம்.பரிட்சை’. பரீட்சை என்று நெடிலோடு எழுதவேண்டிய சொல் குறிலோடு இணையத்தின் மூலப் பெயரேட்டில் ஏறிவிட்டது. மூவார்ப் பிறப்புப் பத்திரக் குமாஸ்தாவின் ஆவி அங்கும் உலவிற்று போலும். 2013 அக்டோபர் கடைசி நாளில் அச்சோதனைப் பெயர்கள் யாவும் நீக்கப்பட்டன.

அதற்குள் மெய்யான பெயர்கள் வந்துவிட்டன: 2010இல் ‘.இலங்கை’, 2011இல் ‘.இந்தியா’வும் ‘.சிங்கப்பூர்’உம். மலேசியாவுக்கு ஜாவி எழுத்தில் ஒரு முடிபு உண்டு, தமிழில் இல்லை. ஆகவே ஜொகூர் நீரிணைக்குத் தெற்கே உள்ள கடைக்காரர் புள்ளிக்கு இருபுறமும் தமிழாக ஒரு விலாசம் எடுக்கலாம். வடக்கே, மூவாரில் உள்ளவர் ‘லெட்சுமி’ வரையில் தமிழில் எழுதி, புள்ளிக்கு அப்பால் ‘காம்’ போன்ற பிறமொழி முடிபைத்தான் ஒட்டவேண்டும். அப்படியும் எடுத்து வைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். தட்டச்சு செய்து வருபவர் மாதத்துக்கு மூவர் நால்வர்தாம் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பெயரும் 301 பலகையோடு தலைமைத் தளத்துக்கு வழிகாட்டிக்கொண்டு, பட்டறைக் கணக்கேட்டில் ஐந்தாவது வரியாக, எதிரே புதுப்பிக்கும் தேதியோடு நிற்கிறது.